பித்தளையின் பளபளப்பும் தொழிலாளியின் நுரையீரலும்

உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத், ‘பித்தளை நகரம்’ எனப் புகழப்படுகிறது. அப்புகழுக்கான விலையைத் தொழிலாளர்களின் நுரையீரல்கள் கொடுக்கின்றன. உலையில் எழும் துத்தநாகப் புகை குளிர்காய்ச்சலை உண்டாக்குகிறது. வார்ப்பு மணலின் நுண்துகள் சிலிகோசிஸ் என்னும் தீராநோயைத் தருகிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸைத் தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டது. ஆனால், வீட்டுப் பட்டறைகளில் உருப்படிக் கூலிக்கு உழைப்போரை அச்சட்டம் எட்டவில்லை. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்போ, மின்விசையுள்ள தொழிற்சாலைக்கான ஆள்வரம்பை 10இலிருந்து 20ஆக உயர்த்தி, மேலும் பல பட்டறைகளைத் ‘தொழிற்சாலை’ என்ற வரையறைக்கு வெளியே தள்ளியது.

ராஜஸ்தான் அரசு 2019இல் சிலிகோசிஸ் நிவாரணக் கொள்கை வகுத்தது. பித்தளைத் தொழிலாளருக்கும் இலவச நுரையீரல் பரிசோதனையும் இழப்பீடும் உரிமையாக வேண்டும். அதன் செலவை லாபம் ஈட்டும் ஏற்றுமதியாளர்களே ஏற்க வேண்டும். தொழிற்சங்கங்கள் ஆலை வாயிலோடு நின்றுவிடாமல், பட்டறைச் சந்துகளுக்கும் இக்கோரிக்கையைக் கொண்டு செல்ல வேண்டும்.