வேதமும் வழக்கமும்

காரைக்கால் பக்கத்தில் பிறந்தவன் எந்த மதத்தவனாக இருந்தாலும் மாங்கனிக் கதை தெரியாமல் வளர முடியாது. கணவன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றை, பசியோடு வாசலில் வந்து நின்ற சிவனடியாருக்கு இலையில் வைத்தாள் புனிதவதி. அவள் செய்தது அவ்வளவுதான். கோபுரம் எழுப்பவில்லை, தேர் இழுக்கவில்லை. கணவனுக்கென்று எடுத்து வைத்ததைப் பசித்தவனுக்குக் கொடுத்தாள். அவளுடைய பக்தி சோதிக்கப்பட்ட இடம் சந்நிதி அல்ல, சமையலறை.

நான் நெடுங்காட்டில் பிறந்தவன், வேதக்காரக் குடும்பம். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வீடு வரையில் வரும். எங்கள் வேதம் எங்கள் சமையலறைக்குள் என்றைக்காவது நுழைந்திருக்கிறதா?

இல்லை என்பதே என் பதில். இதைச் சொன்னால் என் உறவினர் பலருக்குக் கோபம் வரும். வரட்டும். அவர்களைக் குறை சொல்லுவதற்கு முன்னால் என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாயார் நாள் தவறாமல் செபமாலை சொல்லுகிறவள். மாலையில் விளக்கேற்றியதும் நாங்கள் அத்தனை பேரும் மாதா படத்தின் முன்னால் முழந்தாளிட வேண்டும். காய்ச்சல் என்றாலும் விதிவிலக்கு இல்லை. அந்த அம்மாள், எங்கள் வயலில் நடவுக்கு வருகிற பெண் கொல்லைப்புறம் வந்து தண்ணீர் கேட்டால், செம்பைத் தூக்கிப் பிடித்து அவளுடைய குவிந்த கைகளில் ஊற்றுவாள். கையில் செம்பைக் கொடுக்க மாட்டாள். அந்தப் பெண்ணும் வேதக்காரிதான். அவள் குடிசையிலும் அதே நேரத்தில் அதே செபமாலைதான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, "அவங்களும் கோவிலுக்கு வர்றவங்கதானே அம்மா, செம்பைக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"அது வேதம்டா தம்பி, இது வழக்கம்" என்றாள் அம்மா.

அவள் கொடியவள் அல்ல. அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆனபோது அரிசியும் கருப்பட்டியும் கொடுத்தனுப்பியவள் அவள்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் சரித்திரம் முழுவதும் அடங்கிவிட்டது என்று இப்போது எனக்குப் படுகிறது. வேதம் கோவிலுக்கு, வழக்கம் வீட்டுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்.

சுவர் என்று சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. புதுச்சேரிக் கோவிலில் மெய்யாகவே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக்காரக் கிறிஸ்தவர்கள். மறு பக்கம் பறையர்கள். 1745-ஆம் ஆண்டு காரைக்காலிலிருந்து ஒரு சுவாமியார் புதுச்சேரிக்கு வந்ததையொட்டி, அந்த ஏழை ஜனங்கள் பெரிய சுவாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் இந்தப் பிரிவினை எதற்கு என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். இவ்வளவையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பவர் ஆனந்தரங்கப் பிள்ளை. கிறிஸ்தவரல்லாத அவர் எழுதித்தான் நம் வீட்டு விஷயம் நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது!

தெற்கே வடக்கன்குளத்துக் கதை இன்னும் விசேஷம். அங்கே 1872-இல் கோவிலையே இரண்டு காலுள்ள கால்சட்டையைப் போலக் கட்டினார்கள். பீடம் ஒன்று, சாதிக்கு ஒரு கால். 1910-இல் கௌசானல் சுவாமியார் தடுப்பை எடுத்துவிட்டபோது, ஒரு சாராருக்கு அது பொறுக்கவில்லை. பழைய உரிமை போயிற்று என்று வழக்குக்குப் போனார்கள், தோற்றார்கள்.

கோவில் சுவர்கள் இடிந்தன, சரி. அந்தச் செங்கற்கள் எங்கே போயின? என் சந்தேகம் இதுதான்: ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். கோவிலில் ஒரே பெஞ்சியில் உட்காருகிறோம். ஒரே அப்பத்தை நாவில் வாங்குகிறோம். வீட்டு வாசற்படி ஏறியதும் செங்கற்களை அடுக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இதற்குப் படித்தவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. சாதி என்பது மத விஷயமல்ல, சமூக வழக்கம். தத்துவ போதகரே அதை அனுமதித்தாரே என்பார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி கட்டினார், மரக்கறி உண்டார், பூணூலும் அணிந்தார். உண்மைதான். அவர் செய்தது சரியா தவறா என்று ரோமாபுரியில் நூறாண்டுக்கு மேல் விவாதம் நடந்து, 1744-இல் பாப்பரசர் பதினாலாம் ஆசீர்வாதப்பர் முடிவான நிருபம் வெளியிட வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த இத்தாலியர் வழக்கத்தைக் கைக்கொண்டது அந்நியர் வீட்டுக்குள் தாம் நுழைவதற்காக. நாம் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது நம் வீட்டுக்குள் வேறு யாரும் நுழையாதிருப்பதற்காக. இரண்டும் ஒன்றாகுமா?

இயேசுநாதரின் வழக்கம் என்ன? அவர் செய்ததில் பாதி, பிறர் வீட்டுச் சாப்பாட்டு வேளையில் நடந்தது. கிணற்றங்கரையில், யூதர்கள் புழங்காத சமாரியப் பெண்ணிடம் தாமாகவே தண்ணீர் கேட்டார். ஊரார் வெறுத்த வரிதண்டுகிற சக்கேயுவின் வீட்டில் தங்கினார். அந்த மனிதன் அன்று புதுச் செபம் எதுவும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான். அதாவது, வீட்டுக் கணக்குப் புத்தகம் திருந்தியது.

நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்போமா? கலியாணத்துக்கு முன்னால் கோவிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கிறார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்கிறார்கள். எவரும் வாய் திறப்பதில்லை. ஏன் திறக்க வேண்டும்? உண்மையான தடைகளெல்லாம் ஓலைக்கு முன்பே கூடத்தில் பாய் விரித்துப் பேசித் தீர்க்கப்பட்டுவிடுகின்றன. எந்தத் தெரு, எத்தனை பவுன் என்ற இரண்டே தடைகள். வரதட்சணை கூடாதென்று 1961-இல் அரசாங்கம் சட்டம் போட்டது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே சட்டம் போட்டவருடைய படத்தின் கீழேதான் பேரம் நடக்கிறது. பேரம் முடிந்ததும் ஒரு சிறு செபம் வேறு!

பெண்களை நாம் நடத்தும் முறையையும் சொல்ல வேண்டும். பெரிய வியாழக்கிழமை இரவில் சுவாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவதை உருக்கத்தோடு பார்க்கிறோம். 2013-இல் பாப்பரசர் பிரான்சிஸ் ரோமில் இளம் கைதிகளின் சிறைக்குப் போய், ஆண்களோடு பெண்களின் பாதங்களையும் கழுவி முத்தமிட்டார். உலகம் வியந்தது. அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டிய என் நண்பர் ஒருவர், தாம் சாப்பிட்ட தட்டை இன்று வரையில் கழுவியதில்லை. பக்கத்து மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1879-இல் தமிழில் முதல் நாவலை அச்சிட்ட கத்தோலிக்கர், பெண் கல்விக்காக ஓயாமல் எழுதினார். நாவல்களை நாம் விடாமல் படிக்கிறோம். பெண்களைப் படிக்கவும் வைத்துவிட்டோம். ஆனால் படித்த மருமகள் அடுப்படியிலிருந்து ஒரு கருத்துச் சொன்னால், குடும்பத்தின் பக்தி முழுவதும் திடீரென்று மாமியாரின் மௌனத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம் என் ஊருக்கே உரியது. நெடுங்காடு சட்டமன்றத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. ஆனால் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கிறிஸ்தவன் அதில் நிற்க முடியாது. 1950-ஆம் ஆண்டின் ஜனாதிபதி உத்தரவு இந்துக்களைத்தான் அந்தப் பட்டியலில் சேர்த்தது. பிறகு சீக்கியரும் பௌத்தரும் சேர்ந்தார்கள்; கிறிஸ்தவர், புதுச்சேரிக்கென்று 1964-இல் வந்த உத்தரவிலும் சேரவில்லை. இது அநியாயம் என்று நம்மவர்கள் ஊர்வலம் போகிறார்கள். அநியாயம்தான், நானும் அந்தக் கோரிக்கையின் பக்கம்தான். ஆனால் அந்தக் கோரிக்கைக்கு நாம் சொல்லும் காரணம் என்ன? வேதத்தில் சேர்ந்த பிறகும் எங்கள் சகோதரர்களைச் சாதிக் கொடுமை விடவில்லை என்கிறோம். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது யார்? அந்த மனுவில் கையெழுத்துப் போடும் என்னைப் போன்ற சாதிக்காரன், அது தனக்கு எதிராகத் தானே கொடுக்கும் வாக்குமூலம் என்பதையும் உணர வேண்டாமா?

இத்தனையும் எழுதுகிற நான் மட்டும் யோக்கியனா? மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் என் மகன், தான் ஒரு பெண்ணைக் கலியாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னான். பெண் காரைக்காலில் நர்ஸ். நல்ல பெண் என்றான். சாதியைச் சாடிப் பல கதைகள் எழுதிய என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "எந்தத் தெரு?" என்பதுதான்.

அவன் கோபப்படவில்லை. "பங்கு நம்ம பங்குதான் அப்பா" என்றான். பிறகு நிதானமாகத் தெருவின் பெயரையும் சொன்னான். எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்தவர்கள் இருந்த அதே தெரு.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. நான் எழுதியவையெல்லாம் கோவிலில் சொல்லும் செபத்தைப் போல ஆகிவிட்டனவோ என்று வெட்கமாக இருந்தது. கலியாணம் நடந்தது. உறவினரில் பாதிப் பேர் பூசைக்கு வந்தார்கள், பந்திக்கு உட்காரவில்லை. பூசை வேதமாம், பந்தி வழக்கமாம்! எண்பத்தைந்து வயதில் என் தாயார் மட்டும் மருமகள் வீட்டாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மனப்பூர்வமாகவா, பேரன் மீதிருந்த பாசத்தினாலா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு அவளுக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பது அந்தப் பெண்தான். ஒரே செம்பு.

ஆகையால், செபமாலையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. செபத்தை முடித்து எழுந்ததும் எதைச் செய்யப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுக்கிறீர்கள்? மகனுடைய சம்பந்தத்துக்கு என்ன கேட்டீர்கள்? மகளுக்குச் சொத்தில் என்ன எழுதினீர்கள்? சாப்பிட்ட தட்டை யார் கழுவினார்கள்? பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகும்போது இந்த நான்கையும் விட்டுவிட்டு, ஞாயிறு பூசைக்குப் பிந்தி வந்ததைச் சொல்லிவிட்டு வருகிறோம்.

வழக்கம் என்றாள் அம்மா. வழக்கம் மனிதன் போட்டதுதானே! போட்டவனே எடுக்கலாம். அதற்குப் பாப்பரசரின் நிருபம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்பு வேண்டாம். செம்பைக் கையில் கொடுத்தால் போதும்.