பூட்டியவருக்கே திறக்காத கதவு

'பாதுகாப்பு' என்ற சொல்லை யார் உச்சரித்தாலும், யாருடைய பாதுகாப்பு என்று கேட்பது பத்திரிகைத் தொழில் எனக்குப் பழக்கிய வழக்கம். இணையக் கணக்குகளின் இருபடிச் சரிபார்ப்பைப் பற்றியும் அதையே கேட்கின்றேன். கடவுச்சொல்லுடன், கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் கேட்பது திருடரைத் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தொலைபேசி தொலைந்தால், உரியவரும் திருடராகவே நடத்தப்படுகின்றார்.

இலங்கையில் தேசிய அடையாள அட்டை தொலைந்தால் பொலிசில் முறையிடலாம். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். அலைச்சல் உண்டு, ஆனால் இன்னார்தான் என்று சொல்ல ஒரு மனிதர் இருக்கின்றார். கோடிக்கணக்கில் இலாபம் ஈட்டும் இணைய நிறுவனங்களிடம் அந்தக் கிராம உத்தியோகத்தர் கூட இல்லை. 'உங்களை உறுதிப்படுத்த முடியவில்லை' என்று ஓர் இயந்திரம் சொல்லும். அதற்கு மேல் முறையீடு கிடையாது.

தொலைபேசி இலக்கம் நமது சொத்து என்று நம்புவதே முதல் ஏமாற்று. அது நமக்கு இரவல். பாவிக்காமல் விட்டால் தொலைபேசி நிறுவனம் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். 2021இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புதிய வாடிக்கையாளர்களுக்கென வைக்கப்பட்டிருந்த 259 இலக்கங்களைச் சோதித்தார்கள். அவற்றில் 171, பிரபல இணையத்தளங்களில் ஏற்கெனவே இருந்த கணக்குகளோடு பிணைந்திருந்தன. உரியவர் வெளியே நிற்க, அந்நியர் கையில் திறப்பு!

நாடு விட்டு நாடு பெயர்ந்த நம்மவருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. புதிய தேசத்தில் புதிய இலக்கம்; பழைய கணக்கோ ஊர் இலக்கத்தையே கேட்கின்றது. என் சக பத்திரிகையாளர் ஒருவர் இவ்வாறு பல்லாண்டுக் கடிதங்களையும், மறைந்த தாயாரின் படங்களையும் இழந்தார். கடவுச்சொல் அவருக்கு நினைவிருந்தது. பயனில்லை. இதற்கிடையே, குறைந்தது 2 ஆண்டுகள் பாவிக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023இல் கூகுள் அறிவித்தது. உள்ளே போக முடியாதவர் எப்படிப் பாவிப்பார்?

மனிதரை வைத்தால் மோசடிக்காரர் அவரை ஏமாற்றிவிடுவார் என்கின்றார்கள். உண்மை, ஏமாற்றியும் இருக்கின்றார்கள். அதற்கு மருந்து மனிதரை நீக்குவதல்ல. ஆவணம் கேளுங்கள். பழைய முகவரிகளுக்கெல்லாம் அறிவித்தல் அனுப்புங்கள். இரு வாரம் காத்திருக்கச் செய்யுங்கள். உரியவர் பொறுத்துக்கொள்வார், திருடருக்கு அவகாசம் ஆகாது. தாமே திறக்க முடியாதபடி நிறுவனங்கள் மறையாக்கம் செய்த தரவுகள் வேறு விடயம். சாதாரண மின்னஞ்சல் அத்தகையதன்று. இங்கே குறைவது தொழில்நுட்பமல்ல, செலவழிக்கும் மனம்.

நீதி வரும் வரை வாசகர் சும்மா இருக்கலாகாது. கூகுள் ஒரே தடவையில் 10 மாற்றுக் குறியீடுகளைத் தருகின்றது. ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும். அவற்றைத் தாளில் அச்சிட்டுக் காணி உறுதியோடு வையுங்கள். இரண்டாவது வழியொன்றையும் பதிந்து வையுங்கள். விமானம் ஏறுமுன் இலக்கத்தை மாற்றுங்கள்.

ஆனால் இது நமது முன்னெச்சரிக்கை மட்டுமே. அவர்களது கடமைக்கு ஈடாகாது. நம்மிடம் வாழ்நாள் ஆவணங்களை வாங்கி வைத்திருப்பவர், அவற்றைத் திருப்பிக் கேட்க ஒரு மனிதரையும் தரவேண்டும். அதைச் சட்டமாகக் கோருவோம்.