உமிச் சாம்பல் யார் பொறுப்பு?

அரிசி ஆலைகள் நெருங்கிய ஊர்களில் இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்து வைப்பார்கள். காரணம், புழுங்கல் நெல் அவிக்கும் கொதிகலனில் உமி எரிந்து பறக்கும் சாம்பல். பறந்ததுபோக மிஞ்சியது சாலையோரப் பள்ளத்தில் குவிகிறது.

100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதை எரித்தால் 4 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா. வயலில் இறங்கியவரின் கையை நெல்தாள் அறுக்கிறதே, அதற்குக் காரணமும் இந்தச் சிலிக்காதான்.

இந்தச் சாம்பலைக் காசு கொடுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். எஃகு ஆலையில் உருகிய உலோகம் வார்ப்பு அச்சுக்குள் இறங்குமுன் ‘டன்டிஷ்’ என்னும் தொட்டியில் தங்குகிறது. அங்கே வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதன்மேல் உமிச் சாம்பலைத் தூவினால், நுண்துளைகளில் அடைபட்ட காற்று போர்வையாகிச் சூட்டைக் காக்கிறது. உமியோட்டில் கனல் வைத்து வேலை செய்த பொற்கொல்லர்களுக்கு இந்தக் குணம் என்றோ தெரியும்.

பிறகு ஏன் பள்ளத்தில் கொட்டுகிறோம்? சாம்பல் எல்லாம் ஒரே சாம்பல் அல்ல. சுமார் 700 டிகிரிக்குள் எரிந்தால் சிலிக்கா படிகமாவதில்லை. அந்தச் சாம்பலைக் கான்கிரீட்டில் சிமென்ட்டுக்குத் துணையாகச் சேர்க்கலாம். அதற்கு மேலான வெப்பத்தில் நெடுநேரம் எரிந்தால் படிகமாகிறது. எஃகு ஆலைகள் பெரும்பாலும் கேட்பது இந்தப் படிகச் சாம்பலைத்தான். ஆனால், படிகச் சிலிக்காத் தூசி மூச்சில் தொடர்ந்து போனால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் வரும். உலோகவியலார் விரும்பும் அதே குணத்தைக் கண்டு சுற்றுச்சூழல் அறிஞர் அஞ்சுகிறார். இருவருக்கும் நடுவே, நீராவி கிடைத்தால் போதும் என்று கொதிகலனை ஓட்டுகிறார் ஆலைக்காரர்.

இந்த மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது இயலாத காரியமல்ல. மூவரின் துறைக்கும் ஆய்வகங்கள் உண்டு. மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் ஜாம்ஷெட்பூரில் தேசிய உலோகவியல் ஆய்வகமும் 1950-இல் திறக்கப்பட்டவை. நாகபுரியில் இன்று ‘நீரி’ எனப்படும் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 1958-இல் தொடங்கியது. மூன்றும் சிஎஸ்ஐஆர் என்னும் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் ஒரே குடையின்கீழ் உள்ளவை. நெல்லை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து நாற்றமெடுத்த காலத்தை மாற்றி, வெந்நீரில் சில மணி நேரத்தில் ஊறவைக்கும் முறையை ஆலைகளுக்குக் கொண்டுசேர்த்தது மைசூர் நிறுவனம். நெல் ஆராய்ச்சியில் வேரூன்றி வளர்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

அரிசியோடு உணவு ஆய்வும், புகைபோக்கியோடு சுற்றுச்சூழல் ஆய்வும், வார்ப்போடு உலோக ஆய்வும் நின்றுவிட்டால் சாம்பல் அநாதைதான். தேவைப்படுவது புதிய கண்டுபிடிப்புகூட அல்ல. எரியும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் உலை, தூசி பறக்காமல் சாம்பலை உருண்டைகளாக்கும் பொறி, லாரியில் ஏறும் ஒவ்வொரு சுமைக்கும் படிகச் சிலிக்கா எவ்வளவு என்று சொல்லும் சான்று. இந்த மூன்றையும் சிறு ஆலைக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தருவதே பயன்பாட்டு அறிவியலின் வேலை. அதுவரை ஆய்வு ஏட்டில் இருக்கும், சாம்பல் நம் கண்ணில் விழும்.