போடி மலைக்கு என்ன மருத்துவம் வேணும்? ஜீப் திரும்பும் நேரத்தில் கேளுங்க!

விடியற்காலையிலேயே போடிநாயக்கனூர் பகுதியிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடும். அதில் போகும் தொழிலாளர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். கிராம சுகாதாரத்துக்கான பணத்தை எப்படிச் செலவழிக்கலாம் என்று மக்களிடம் கேட்கும் கூட்டங்கள் பெரும்பாலும் பகலில்தான் நடக்கின்றன. அப்படின்னா, யாரைக் கேட்கிறோம்?

எவ்வளவு பணம்?

15-வது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு நாடு முழுவதும் ரூ.70,051 கோடி பரிந்துரைத்தது. தமிழக சுகாதாரத் துறைச் சீரமைப்புக்காக 2019-ல் உலக வங்கியுடன் 28.7 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. கீழ்மட்டத்தில், தேசிய சுகாதார இயக்கத்தில் கிராம சுகாதாரக் குழுக்களுக்கு என்று ஆண்டுக்கு ரூ.10,000 உண்டு. தொகை சின்னதுதான். ஆனால் எதற்குச் செலவிடுவது என்பதை ஊரே முடிவு பண்ணலாம்.

மக்களைக் கேட்க வழி இருக்கா?

இருக்கு. தாய்லாந்து 2007-ல் சட்டம் இயற்றி, மறு ஆண்டிலிருந்து தேசிய சுகாதாரப் பேரவையைக் கூட்டி வருகிறது. அதே பாணியில் தமிழகத்திலும் மாவட்ட சுகாதாரப் பேரவைகள் நடக்கின்றன. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். அவற்றில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் அரசு விடுமுறைப் பட்டியலில் இல்லை. தினக்கூலிக்குப் போறவங்க கூலியை விட்டுட்டு கூட்டத்துக்கு வருவாங்களா? போதாததற்கு, 2025 ஜனவரியில் தேனி உட்பட பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது.

தலைக்கணக்கு போதாதா?

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையில் 3,000 பேருக்கு ஒன்று. விதி மலைக்குச் சலுகை தருது, சரி. ஆனால் அது ஆட்களைத்தான் எண்ணுது, நடக்கும் நேரத்தை எண்ணலை. டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில்தான் இருக்கு. வண்டியில் போகணும்னா போடிமெட்டு ஏறி, கேரளத்தின் மூணாறைச் சுற்றித்தான் போகணும். குரங்கணி வழியாக என்றால் மலைப்பாதையில் நடக்கணும்.

2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரை மீட்கும் பணி இரவெல்லாம் நீண்டது. காயமடைந்தவர்கள் போடி, தேனி, மதுரை என மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிகிச்சைக்கும் மலைக்கும் இடையிலான அந்தத் தூரம், அங்கேயே வாழ்பவர்களுக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் பாம்புக்கடியிலும் இருக்கு.

இன்னொரு சிக்கல் எல்லைக்கோடு. ஏலம் பூச்சிமருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர். வேலை கேரளத்தில், வீடு தமிழகத்தில். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருது. நல்ல திட்டம். ஆனால் பகலில் வந்தால் தோட்டத் தொழிலாளி வீட்டில் இருக்க மாட்டார்.

மக்களுக்கு மருத்துவம் தெரியுமா?

‘இதெல்லாம் டாக்டர்கள் முடிவு பண்ண வேண்டியது’ என்று வாதிடலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பது டாக்டர் சொல்ல வேண்டியதுதான். எந்த நேரத்தில், எந்த இடத்தில் கிடைத்தால் பயன்படும் என்பது ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும். புதுக் கட்டடம் முக்கியமா, மாலை நேர ஓ.பி. முக்கியமா, மலையேறும் ஜீப் ஆம்புலன்ஸ் முக்கியமா? கேட்காமல் செலவழித்தால், திறப்பு விழா நடக்கும். நோயாளி வர மாட்டார்.

அதனால் செய்ய வேண்டியது மூன்று. கருத்துக் கேட்பை மாலையில், ஜீப் வந்து நிற்கும் இடத்திலும் மலைக் குடியிருப்புகளிலும் நடத்தணும். ‘குறை என்ன?’ என்று பொதுவாகக் கேட்காமல், இவ்வளவு பணம் இருக்கு, இதில் எது முதலில் என்று கேட்கணும். எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று அடுத்த கிராமசபையில் பதில் சொல்லணும். பதில் வராத இடத்தில் மறுமுறை யாரும் வாய் திறக்க மாட்டாங்க.