கொடுமணலுக்கு ஒரு வண்டி விடுங்கப்பா



அயர்லாந்தில் கெல்டிக் காலத்து இடங்களைப் பார்க்க வரும் ஸ்பானியர்களுக்கு ஸ்பானிஷ் பேசும் வழிகாட்டியோடு பஸ் விடுகிறார்கள். காலையில் டப்ளினில் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். நமக்கு நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. கோவையிலிருந்து அப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை.

சென்னிமலைக்கு மேற்கே அந்த ஊரில் தனியாகப் போய் நின்றால் வெறும் மேட்டாங்காடுதான் தெரியும். எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். "இந்தக் கல்வட்டத்துக்குக் கீழே கல்லறை இருக்குது கண்ணு. பலகைக் கல்லில் வட்டமாய் ஓட்டை போட்டிருப்பாங்க. இங்கேதான் இரும்பு உருக்கினாங்க, பச்சைக்கல்லில் மணி செஞ்சாங்க" என்று. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பாதி வேலையில் விட்ட மணிகள்கூடக் கிடைத்தன. பானை ஓட்டில் தமிழி எழுத்தில் ஆட்களின் பெயர்கள்! அரசன் பெயரல்ல, சாதாரண ஆட்களின் பெயர். பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

வழிகாட்டி அந்த ஊர்ப் பிள்ளையாக, நம்ம தமிழிலேயே பேசட்டும். மனப்பாட இங்கிலீஷ் வேண்டாம். போகும்போது 1842-இல் ரோமானியக் காசுகள் கிடைத்த வெள்ளலூர், திரும்பும்போது அறச்சலூர்க் கல்வெட்டு. ஒரு நாள் போதும்.

டிராவல்ஸ் நடத்தும் மாணவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். யோசியுங்கள். முதல் வண்டியில் எனக்கொரு ஜன்னலோர சீட்.