கப்பலில் ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸாவில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவனின் தந்தை அருகில் வந்து, "ஹஜ்ரத், குடும்பத்தோடு சுற்றுலாக் கப்பல்ல மூணு நாள் போயிட்டு வரலாம்னு இருக்கோம். போகலாமா?" என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்கவில்லை. "அது நமக்கான இடமில்லை, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் பேசத் தொடங்கினேன். அவரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவர்கள் போய்வந்தார்கள். அது எனக்குத் தெரியவந்தது பாடவேளையில்தான். பயணத் தொழுகை பற்றிய பாடத்தின்போது அந்தச் சிறுவன் எழுந்து, "நாங்க கப்பல்ல தொழவே இல்லை ஹஜ்ரத். கிப்லா எந்தப் பக்கம்னு வாப்பாவுக்குத் தெரியலை. உம்மா அழுதாங்க" என்றான். மூன்று நாட்கள், பதினைந்து வக்துகள்.

அன்று மாலை அந்தத் தந்தையைத் தேடிச் சென்றேன். "ஒரு போன் செய்திருக்கலாமே" என்றேன். அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்கதான் போக வேண்டாம்னு சொல்லிட்டீங்களே ஹஜ்ரத், எந்த முகத்தோட கேக்கிறதுன்னு விட்டுட்டேன்" என்றார். அந்தப் பதினைந்து வக்துகளில் என் பங்கும் இருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். என் ஒற்றைச் சொல் அவர்களுடைய பயணத்தை நிறுத்தவில்லை. அவர்கள் கேட்பதை மட்டுமே நிறுத்தியது.

நபி (ஸல்) அவர்களிடம் கடலோடி ஒருவர் வந்து, குடிநீர் குறைவாக இருக்கும் நிலையில் கடல்நீரில் உளூச் செய்யலாமா என்று கேட்ட செய்தியை நாம் ஓதிக்கொடுக்கிறோம். கடல்நீர் தூய்மையானது என்று பதிலளித்த அண்ணலார், அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்கள்: கடலில் செத்ததும் உண்ண ஆகுமானது. நீருக்குத் தட்டுப்படுபவருக்கு நாளை உணவுக்கும் தட்டுப்பாடு வரும் என்று அறிந்து, கேள்விக்கும் மேலாகப் பதில் தந்தார்கள். நான் செய்ததோ கேள்விக்கும் குறைவானது. இப்போது ஜித்தாவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், புதிய கப்பல் நிறுவனம் ஒன்றைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். உம்ராவுக்கு வரும் தம் தாயாரையும் அழைத்துச் செல்ல அவருக்கு விருப்பம். அவருக்குச் சொன்னதையே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கடல் நமக்குப் புதியதன்று

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று நம் ஊர்கள் கடலைப் பார்த்தே எழுந்தவை. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நம் பாட்டனார்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டு சுமந்து சென்றது. மும்பையிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்ற கப்பல் பயணம் 1995-இல்தான் முடிவுக்கு வந்தது. ஸஹாபியப் பெண்மணி உம்மு ஹராம் (ரழி) அவர்கள் கப்பலேறிச் சைப்ரஸ் தீவுக்குச் சென்று அங்கேயே வஃபாத்தானார்கள். லார்னகா நகருக்கு அருகே அவர்களுடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. ஆகவே கப்பலேறுவது குற்றமன்று. அந்தக் கப்பல்கள் ஓரிடம் சேர்வதற்காகச் சென்றவை. இன்றைய சுற்றுலாக் கப்பலோ தானே ஓர் ஊராக மிதப்பது. அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொண்டு ஏறுவதுதான் முறை.

இரட்டைக் கப்பல்கள் சொல்லும் பாடம்

ஜித்தாவைத் தாய்த்துறைமுகமாகக் கொண்டு 2024 டிசம்பரில் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது அரோயா. சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான நிறுவனம் இதை நடத்துகிறது. கப்பலில் மது இல்லை, சூதாட்டக் கூடம் இல்லை, தொழுமிடங்கள் உண்டு, பெண்களுக்கெனத் தனி ஏற்பாடுகள் உண்டு. 335 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பல் 2017-இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் வேர்ல்ட் ட்ரீம் என்ற பெயரில் கட்டப்பட்டது. அதே தளத்தில் அதற்கு முந்தைய ஆண்டு கட்டப்பட்ட அதன் உடன்பிறப்பு, கெண்டிங் ட்ரீம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் அந்தக் கப்பலில் ஹலால் சான்று பெற்ற உணவும் உண்டு, சூதாட்டக் கூடமும் உண்டு. 2022 முதல் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலிலும் மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் இருந்தன.

இரும்பு ஒன்று, கட்டிய கை ஒன்று. நடத்துபவரின் முடிவால் இரண்டும் இருவேறு ஊர்களாயின. ஒரு குடும்பமும் அப்படித்தான். மது இல்லாத கப்பலில் ஏறியவர், நள்ளிரவு வரை அரங்கின் ஆடல்பாடலில் அமர்ந்துவிட்டு சுப்ஹைத் தூக்கத்தில் கழித்தால், அந்தக் கப்பலின் நற்சான்று அவருக்கு என்ன பயன் தரும்? அரோயாவிலும் இசை நிகழ்ச்சிகளுக்கான பெரிய அரங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

என் கருத்து இதுதான். மதுவும் சூதும் இல்லாத கப்பல் கிடைக்கும்போது, வேறொன்றைத் தேடிச் செல்ல முஸ்லிம் குடும்பத்துக்குக் காரணமில்லை. ஆயினும் "ஹலால் கப்பல்" என்ற சொல்லை நம்பி நம் பொறுப்பை அதன் தளத்தில் இறக்கிவைத்துவிடவும் கூடாது. முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்: இறைச்சிக்கு ஹலால் சான்று உண்டா, தனிச் சமையற்கூடமா, ஒரே எண்ணெயில் எல்லாம் பொரிக்கப்படுகின்றனவா? பெண்களுக்கான நீச்சல் நேரம் எது? தொழுமிடம் எந்தத் தளத்தில் இருக்கிறது? இவற்றுக்குத் தெளிவான பதில் எழுத்தில் வராவிட்டால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழுகை

மத்ஹபு எதுவாயினும் சில செய்திகள் பொதுவானவை. நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். தலைசுற்றி நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். தொழுகையின் நடுவே கப்பல் திரும்பினால், அதை அறிந்தவர் தாமும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை. லுஹர் தொழுதால் போதும்.

கஸ்ரில் நம்மிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபிகள் பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகவே தொழ வேண்டும். ஷாஃபிஈகளுக்கு அது சலுகை. லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் ஜம்வு ஷாஃபிஈகளுக்கு உண்டு. ஹனஃபிகள் முந்தியதை அதன் இறுதி நேரத்திலும் பிந்தியதை அதன் தொடக்க நேரத்திலும் தொழுதுகொள்வார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பயணமே பாவத்துக்கானதாக இருந்தால் இந்தச் சலுகைகள் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. எதற்காகப் போகிறோம் என்ற நிய்யத் ரக்அத்துகளின் எண்ணிக்கை வரை வந்து நிற்கிறது.

கிப்லாவைப் பொறுத்தவரை நமக்கு ஒரு பழக்கம் உண்டு: "மேற்கு" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவோம். ஜித்தாவிலிருந்து ஷர்ம் அல்-ஷெய்க், அகபா பக்கம் வடக்கே செல்லும் கப்பலில் மக்கா நமக்குத் தென்கிழக்கே இருக்கும். அங்கே மேற்கு நோக்கித் தக்பீர் கட்டினால் கஅபாவுக்கு ஏறத்தாழ முதுகைக் காட்டியவர்களாவோம். இரும்புச் சுவர் சூழ்ந்த அறைக்குள் கைப்பேசியின் திசைகாட்டி பிழையாகக் காட்டக்கூடும். திறந்த தளத்துக்குச் சென்று சூரியனை வைத்துச் சரிபாருங்கள். கப்பல் செல்லும் திசையை அறைத் தொலைக்காட்சியிலும் காட்டுவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் இயன்றவரை ஆராய்ந்து ஒரு திசையை நோக்கித் தொழுங்கள். பிறகு உங்கள் ஆலிமிடம் சொல்லுங்கள். திசை தெரியவில்லை என்பதற்காகத் தொழுகை நம்மை விட்டு விழுந்துவிடுவதில்லை.

உம்ராவையும் இந்தப் பயணத்தையும் சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல். உம்ராவை முதலில் நிறைவாக முடித்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர் உம்ரா நிய்யத்துடன் வடக்கிலிருந்து கப்பலில் ஜித்தாவுக்குத் திரும்பினால், ராபிக் நேருக்கு வரும்போதே இஹ்ராம் கட்டியாக வேண்டும்; ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணக்கூடாது. உம்ரா விசாவில் வந்த தாயார் எகிப்துக்கோ ஜோர்டானுக்கோ கப்பலில் சென்று திரும்ப முடியுமா என்பதையும், உங்கள் இகாமாவுக்குரிய வெளியேறித் திரும்பும் அனுமதியையும் பயணச்சீட்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பணம்

விளம்பரத்தில் காணும் கட்டணம் பெரும்பாலும் இருவர் ஓர் அறையில் தங்கும் கணக்கில் ஒருவருக்கானது. துறைமுகக் கட்டணம், நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று சேரும் பணியாளர் அன்பளிப்பு, இணைய வசதி, கரையிறங்கிச் சுற்றிப்பார்க்கும் செலவு ஆகியவை தனி. கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டே போனால் கடைசி நாளில் மொத்தக் கணக்கு வரும். பிள்ளைகளின் கையில் அந்த அட்டையைக் கொடுக்கும்முன் யோசியுங்கள்.

வட்டிக் கடனில், கிரெடிட் கார்டு தவணையில் இந்தப் பயணம் வேண்டாம். இங்கே நான் இன்றும் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன். சூதாட்டக் கூடம் இல்லாத கப்பலுக்கு வட்டிப் பணத்தில் சீட்டு வாங்குவதில் என்ன பேணுதல் இருக்கிறது? ஜகாத் நிலுவையில் இருப்பவரும், ஹஜ் கடமையாகியும் போகாதவரும் அந்தக் கணக்கை முதலில் பார்க்கட்டும்.

பாதுகாப்பு

கப்பல் புறப்படும்முன், அல்லது புறப்பட்ட உடனே, ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சி உண்டு. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு இந்த விதி இறுக்கப்பட்டது. அன்று மாலைதான் ஏறிய பயணிகளுக்கு அந்தப் பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதானே நமக்குக் கற்றுத்தரப்பட்டது?

குமட்டல் உள்ளவர்களும் முதியவர்களும் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். கர்ப்பம் 24 வாரங்களைக் கடந்தவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். அறையைத் துப்புரவு செய்பவரும் தட்டை எடுப்பவரும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் ஏழைகள். தட்டு நிறைய எடுத்து வீணாக்குவதும், அவர்களை அதட்டுவதும் நம் பிள்ளைகள் நம்மிடம் கற்கும் பாடங்களாகிவிடக் கூடாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு ஜித்தா மாணவர், "அப்ப போகலாமா, வேண்டாமா ஹஜ்ரத்?" என்றார். "கடன் இல்லையென்றால், உம்ரா முடிந்தபின், உம்மாவுக்கும் விருப்பமென்றால் போய்வாருங்கள். போகிற வழியில் எந்த ஐயம் வந்தாலும், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்" என்றேன். பணியிலும் கைப்பேசியிலும் பிரிந்தே கிடக்கும் குடும்பம் மூன்று இரவுகள் ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தொழுது, நடுக்கடலில் தன் சிறுமையை உணர்ந்து திரும்பினால் அது வீண் அன்று. கப்பலில் ஏறும்போது நூஹ் (அலை) அவர்கள் கூறச் சொன்ன துஆ ஹூத் அத்தியாயத்தின் 41-ஆம் வசனத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இப்போதே மனனம் செய்வியுங்கள்.

அந்தப் பழைய மாணவனின் குடும்பம் பதினைந்து வக்துகளையும் களாச் செய்து முடித்துவிட்டது. ஊர் திரும்பிய பின் செய்ததால், ஷாஃபிஈ மத்ஹபின்படி நான்கு ரக்அத்துகளை நான்காகவே தொழுதார்கள். கேட்டிருந்தால் கப்பலில் இரண்டாக முடிந்திருக்கும். நான் கேட்கவிட்டிருந்தால் என்பதே சரி.

ஆலிம்களே, நம்மிடம் வரும் கேள்வியைப் பாதியில் வெட்டாதிருப்போம். பெற்றோர்களே, ஒருமுறை "வேண்டாம்" என்று சொன்னவரிடமும் மறுமுறை கேட்கத் தயங்காதீர்கள். கரையிலும் கடலிலும் நம் தொழுகையைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.