இரவு வானும் இழந்து வரும் சொற்களும்

வானத்தை நோக்கி வாழ்ந்தவர் தமிழர். உழவரும் பரதவரும் விண்மீன்களையே நாட்காட்டியாகவும் திசைகாட்டியாகவும் கொண்டிருந்தனர். அறுமீன், எழுமீன், வடமீன் என்பன சங்கப் புலவர் வழங்கிய சொற்கள். இன்று நம் மாணவர்க்கு இவை உரைநூல்களிலும் அகராதிகளிலும் மட்டுமே அறிமுகம். மொழிப்பற்றுக் குறைந்தது இதற்குக் காரணமன்று. அச்சொற்கள் சுட்டும் பொருளே கண்ணுக்கு மறைந்து வருகிறது. ஊர்களின் விளக்கொளி வானில் படர்ந்து, மங்கலான மீன்களை விழுங்கிவிடுகிறது. பொருள் மறைந்தபின் சொல் நெடுநாள் நில்லாது.

இந்நிலையில், டிஜிட்டல் கேமராவும் அகலக்கோண லென்சும் தமிழ்த்துறைக்கும் உரிய கருவிகளே என்பது நம் கருத்து. வானைப் படமெடுப்பது இயற்பியலார் பணியன்றோ எனச் சிலர் வினவலாம். வான்படத்தின் பெருமையை அவர்களிடமிருந்தே கற்போம். 1861இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ‘ஆசியா’ என்னும் சிறுகோளைத் தொலைநோக்கி வழியே கண்ணால் நோக்கிக் கண்டறிந்தார். 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், பரந்த வானை ஒருசேரப் பதிவு செய்யும் ஷ்மிட் தொலைநோக்கியால் ஆர். இராசமோகன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். 4130 என்னும் எண்ணுடைய அதற்குக் கணிதமேதை இராமானுசன் பெயர் சூட்டப்பெற்றது. கண் தவறவிடுவதைப் படம் பிடித்து வைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய பெருங்கருவி நமக்கு வேண்டா. கேமராவை முக்காலியில் அசையாது பொருத்தி, லென்சின் துளையை முழுதும் திறந்து, தொலைவிலுள்ள ஒளிமிக்க மீனொன்றின் மீது கையாலேயே குவியம் அமைத்து, ஐஎஸ்ஓ அளவை 1600 அல்லது 3200இல் வைத்தல் போதும். புவி நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை சுழல்வதால், நெடுநேரம் திறந்திருந்தால் மீன்கள் கோடுகளாகிவிடும். 500 என்னும் எண்ணைக் குவியத்தூரத்தால் வகுத்து வரும் விநாடிகளே ஏறத்தாழ எல்லை. 20 மில்லிமீட்டர் லென்சுக்கு 25 விநாடி. உணரி சிறியதாயின் இன்னும் குறைவு. லென்சின் கோணம் அகலமாகுந்தோறும் காலம் கூடுகிறது. வானின் பரப்பும் கூடுகிறது.

நம் பகுதி இதற்கு ஏற்றது. சிதம்பரம் ஏறத்தாழ 11.4 பாகை வட அகலாங்கில் உள்ளமையால், துருவமீன் வடதிசையில் தாழ நிற்க, தென்வானின் மீன்கள் பல நமக்குக் காட்சி தருகின்றன. மேற்கே நெய்வேலியின் ஒளி வானில் ஏறினும், சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டைக் கரைகளில் கிழக்கு வானம் கடலின்மேல் இருண்டு கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை முதலாகத் தெளிந்த இரவுகள் வாய்க்கும். பிச்சாவரக் காட்டினுள் மட்டும் உரிய அனுமதியின்றி இரவில் செல்லலாகாது.

மாசித் திங்களின் முன்னிரவில் தெற்கே அடிவானுக்குச் சற்று மேலே சுடர்வது அகத்தியமீன். அரபு மாலுமிகள் அதனையே ‘சுஹைல்’ என்றனர். கார்த்திகையை அடுத்து வருவதை நாம் உரோகிணி என்கிறோம்; அரபு மொழியில் அதன் பெயர் ‘அத்தபரான்’, அஃதாவது பின்தொடர்வது. கார்த்திகையைப் பின்தொடர்வதால் அப்பெயர். மேனாட்டார் வழங்கும் ‘ஆல்டெபரான்’ இதன் திரிபே. இரு மொழியாரும் ஒரே வானை ஒரே வரிசையில் கண்டுள்ளனர். பரங்கிப்பேட்டையினின்று கலம் செலுத்திய மரக்காயர் மரபில் இவ்விரு சொல்வளமும் கலந்திருந்திருக்கும் எனல் மிகையன்று.

ஊரில் விளக்கே வேண்டாவோ என்பார்க்கு நம் விடை இது. பெண்டிரும் மீனவரும் அஞ்சாது நடமாட விளக்கு வேண்டும். ஆனால் அது தரைக்கு வேண்டும், வானுக்கன்று. விளக்கிற்கு மேல்மூடியிட்டு ஒளியைக் கீழ்நோக்கச் செய்தால் இரண்டும் நிறைவேறும். நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையின் குஞ்சுகள், கடலின் மெல்லொளியை விட்டுக் கரைவிளக்கை நோக்கி ஊர்ந்து மடிகின்றன என்பதையும் நினைவில் கொள்க. லடாக்கின் ஹான்லே 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. மலைநாட்டார் காத்த இருளில் ஒரு பங்கேனும் கடல்நாட்டார் காக்கலாகாதா?

படமெடுத்தலோடு பணி முடிவதில்லை. கணினியில் வண்ணம் ஏற்றி இல்லாத வானை உண்டாக்குதல் அறமாகாது. எடுத்த இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். அப்படத்தைக் கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள மூத்த மீனவரிடம் காட்டி, “ஐயா, இதனை உங்கள் ஊரில் எவ்வாறு சொல்வீர்கள்?” என்று பணிவுடன் கேட்டல் வேண்டும். திசைகாட்டும் செயற்கைக்கோள் கருவி படகேறியபின், விண்மீன் பார்த்துக் கடலோடியவர் அருகி வருகின்றனர். அவர்தம் நாவிலுள்ள பெயர்கள் அவரோடு மறையுமுன் படத்தின்கீழ் எழுதி வைப்பது தமிழ்த்துறையின் கடமையாகும்.

வானைப் பதிவு செய்யக் கேமரா போதும். அதன் பெயர்களைப் பதிவு செய்ய மாணவர் வேண்டும். ஆண்டுக்கு ஓரிரவேனும் அமாவாசையை ஒட்டி ஆசிரியரும் பெரியோரும் உடனிருக்க, நம் மாணவர் கடற்கரையில் இப்பணியைத் தொடங்குவாராக.